நடக்கச் சொல்பவர் பலர், கூட்டிச் செல்பவர் யார்? பிரித்தானியாவின் இணைப்புப் பணியாளர்களும் எமது மஹல்லாக்களும்

சீனி கிளினிக்கிற்கோ பிரஷர் கிளினிக்கிற்கோ போய் வருபவர்களிடம், "டொக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டுப் பாருங்கள். மருந்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, "தினமும் நடக்கச் சொன்னார்" என்று முடிப்பார்கள். அடுத்த கிளினிக் திகதி வரை நடந்தீர்களா என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு சிரிப்புத்தான் பதிலாக வரும்.

வைத்தியர் சொன்னது சரி. நோயாளிக்கும் அது சரியென்று தெரியும். கிழமைக்கு 150 நிமிடங்களாவது வேகமாக நடக்க வேண்டும் அல்லது அதற்கு ஈடான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளொன்றுக்கு அரை மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாட்கள். இதை அறியாதவர் இன்று எமது ஊர்களில் மிகக் குறைவு. அப்படியிருந்தும் நடப்பதில்லை. எங்கே நடப்பது, யாருடன் நடப்பது, என்ன உடுத்து நடப்பது, முழங்கால் வலித்தால் என்ன செய்வது, பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கேள்விகள் வீட்டு வாசலிலேயே ஆளை நிறுத்திவிடுகின்றன.

இலங்கையில் 2018/19 இல் நாடளாவிய ரீதியில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, வயது வந்தவர்களில் 23 வீதமானோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டறிந்தது. ஏறத்தாழ நான்கில் ஒருவர். எமது சமூகத்தின் நிலைமையை அறிய ஆய்வுகூடத் தேவையில்லை. எந்த ஜனாஸா வீட்டிலும் சற்று நேரம் அமர்ந்திருந்தால், யாருக்குக் கால் விரல் எடுத்தார்கள், யார் கிழமைக்கு இரண்டு முறை டயலிசிஸ் போகிறார்கள் என்ற கதைகள் காதில் விழும். 2022 பொருளாதார நெருக்கடியின்போது மருந்துக்கு அலைந்த குடும்பங்களுக்கு, இந்த நோய்களின் விலை என்னவென்று நன்றாகவே தெரியும்.

அறிவுரைக்கும் செயலுக்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தைக் கடக்க வைப்பதற்கென்றே இங்கிலாந்து ஒரு தொழிலை உருவாக்கியிருக்கிறது. அந்தத் தொழிலில் இருப்பவர்களை அங்கு 'லிங்க் வேர்க்கர்' என்று அழைக்கிறார்கள். தமிழில் இணைப்புப் பணியாளர் எனலாம். அவர்கள் செய்வது என்ன, எங்கே வெற்றி கண்டார்கள், எங்கே தடுமாறுகிறார்கள், அதிலிருந்து எமது ஊர்களுக்கு எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்பதை ஆராய்வதே எனது நோக்கம்.

மருந்துச் சீட்டுக்கு வெளியே ஒரு பரிந்துரை

இங்கிலாந்தில் குடும்ப வைத்தியர் ஒருவர் நோயாளி ஒருவருக்கு ஒதுக்கும் நேரம் வழமையாகப் பத்து நிமிடங்கள்தான். அவரைத் தேடி வருபவர்களில் ஐந்தில் ஒருவரின் பிரச்சினை மருத்துவம் சார்ந்ததே அல்ல என்ற மதிப்பீடு அங்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. தனிமை, கடன், வீட்டுப் பிரச்சினை, துக்கம், உடலை அசைக்காமல் முடங்கிக் கிடப்பது என்று பல. இவற்றுக்கு மாத்திரை எழுதிக் கொடுப்பதில் பயனில்லை. எனவே நோயாளியை ஊரிலுள்ள குழுக்களுடனும் சேவைகளுடனும் சேர்த்துவிடும் முறை உருவானது. அதற்குச் 'சமூகப் பரிந்துரை' என்று பெயர்.

இதன் முன்னோடிகளில் ஒன்று கிழக்கு லண்டனின் டவர் ஹம்லெட்ஸ் பகுதியிலுள்ள புரொம்லி பை போ நிலையம். 1984 இல் அண்ட்ரூ மோசன் என்ற பாதிரியார், விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே வந்துபோன ஒரு பழைய தேவாலயத்தின் பொறுப்பை ஏற்றார். கட்டடத்தை அயலவர்களுக்குத் திறந்துவிட்டார். சிறுவர் பராமரிப்பு, கலை வகுப்புகள், சிறு தொழில்கள் என்று வளர்ந்த அந்த இடத்தில் பின்னர் குடும்ப வைத்தியர் நிலையமும் வந்து சேர்ந்தது. ஒரு வணக்கஸ்தலத்தின் கதவு திறக்கப்பட்டதில் தொடங்கிய முயற்சி இது என்பதை எமது பள்ளிவாசல் நிர்வாகிகள் கவனத்திற் கொள்ள வேண்டும்.

சிதறிக் கிடந்த இத்தகைய முயற்சிகள் 2019 இல் தேசியக் கொள்கையாக மாறின. அவ்வாண்டு ஜனவரியில் வெளியான தேசிய சுகாதார சேவையின் நீண்டகாலத் திட்டம், 1,000 க்கும் மேற்பட்ட இணைப்புப் பணியாளர்களை நியமிப்பதாக அறிவித்தது. 30,000 முதல் 50,000 மக்களுக்குச் சேவை செய்யும் வைத்திய நிலையங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டு, அந்தக் கூட்டமைப்பின் ஊடாக இவர்களுக்கு அரச செலவில் சம்பளம் வழங்கப்பட்டது. எண்ணிக்கையை 2036/37 ஆம் ஆண்டளவில் 9,000 ஆக உயர்த்தும் இலக்கு 2023 இல் வெளியிடப்பட்டது.

இவர்கள் வைத்தியர்களோ தாதியர்களோ அல்லர். நோயைக் கண்டறிவதில்லை, மருந்து கொடுப்பதில்லை. ஆளோடு பேசுவதும், ஊரை அறிந்திருப்பதும், இரண்டையும் ஒன்று சேர்ப்பதுமே இவர்களது வேலை.

அந்த வேலை எப்படி நடக்கிறது?

லண்டனின் வடமேற்கே ஹரோ பகுதியில் எமது நாட்டு முஸ்லிம் குடும்பங்கள் பல வாழ்கின்றன. என் சாச்சியும் அங்கேதான் மகனுடன் இருக்கிறார். அறுபது வயதைக் கடந்தவர், சீனி வருத்தம், இரண்டு முழங்காலிலும் வலி. அவரது அனுபவத்தைத் தொலைபேசியில் பல தடவை விபரமாகக் கேட்டிருக்கிறேன். இந்த முறை நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதற்கு அது நல்ல உதாரணம்.

வைத்திய நிலையத்துத் தாதி ஒருவர் சாச்சியின் சம்மதத்துடன் அவரது பெயரை இணைப்புப் பணியாளரிடம் கொடுத்தார். சில நாட்களில் ஒரு பெண் தொலைபேசியில் பேசி, நேரில் சந்திக்க நேரம் ஒதுக்கினார். சந்திப்பு ஒரு மணித்தியாலம் வரை நீண்டது. "நீங்கள் ஏன் உடற்பயிற்சி செய்வதில்லை?" என்று அவர் கேட்கவில்லையாம். "இப்போது செய்ய முடியாமல் போன எதை மறுபடியும் செய்ய ஆசைப்படுகிறீர்கள்?" என்றுதான் கேட்டாராம். சாச்சி யோசிக்காமல் சொன்ன பதில்: "தராவீஹைக் கதிரையில் இராமல் நின்று தொழ வேண்டும்."

முதல் பாடம் இதில் இருக்கிறது. "சீனியைக் குறைக்க நடங்கள்" என்பது வைத்தியரின் இலக்கு. "நின்று தொழ வேண்டும்" என்பது சாச்சியின் சொந்த இலக்கு. மழைக்காலத்துக் காலையில் ஓர் ஆளைக் கட்டிலிலிருந்து எழுப்புவது இந்த இரண்டாவது இலக்குத்தான்.

அடுத்துத் தடைகள் பற்றிக் கேட்டார். ஆண்கள் கலந்திருக்கும் இடத்திற்குச் சாச்சி போகமாட்டார். பாட்டுப் போட்டு ஆடும் வகுப்பு வேண்டாம். ஆங்கிலம் ஓரளவுதான் விளங்கும். பஸ் மாறிப் போக முடியாது. விழுந்துவிடுவோமோ என்ற பயமும் உண்டு. இவற்றையெல்லாம் குறித்துக்கொண்ட அப்பெண், பெண்களுக்கு மட்டுமான ஒரு வகுப்பைத் தேடிப் பிடித்தார். வயதானவர்கள் கதிரையில் அமர்ந்து தொடங்கி, பின்னர் எழுந்து நின்று செய்யும் பயிற்சி. அத்துடன் நிற்காமல், பயிற்றுவிப்பவர் பெண்தானா, இசை இருக்குமா, வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகலாமா என்று தானே விசாரித்த பிறகுதான் சாச்சியிடம் சொன்னார்.

முதல் நாள் அவரும் கூடவே போனார். வாசலில் காத்திருந்து, உள்ளே அழைத்துச் சென்று, பயிற்றுவிப்பாளரிடம் அறிமுகப்படுத்தி, பக்கத்தில் ஒரு குஜராத்திப் பெண்மணியை அமர வைத்தார். இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசி எடுத்தார். றமழானில் சாச்சி வகுப்பை நிறுத்தியபோது அதைக் குறித்து வைத்து, பெருநாள் முடிந்து மறுபடியும் அழைத்தார். அந்த அழைப்பு வராவிட்டால் திரும்பப் போயிருக்கமாட்டேன் என்பது சாச்சியின் வாக்குமூலம்.

அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை. மாத்திரைகள் தொடர்கின்றன. சீனி சற்றுக் குறைந்திருக்கிறது. தராவீஹில் பாதியை நின்று தொழுகிறார். கிழமைக்கு ஒரு நாள் அவரைத் தேட ஐந்தாறு பேர் இருக்கிறார்கள்.

இந்த வேலையைப் பிரித்துப் பார்த்தால் நான்கு காரியங்கள் தெரிகின்றன. ஆளின் விருப்பத்தையும் தடையையும் கேட்பது, அந்த ஆளுக்குப் பொருந்தும் குழுவைத் தேடி உறுதி செய்வது, முதல் நாள் கூடப் போவது, இடையில் நின்றுபோனால் திரும்ப அழைப்பது. ஒரு துண்டுப் பிரசுரத்தால் இவற்றில் ஒன்றையும் செய்ய முடியாது. இணைப்புப் பணியாளர் ஒருவர் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 250 பேரைத்தான் பொறுப்பேற்கலாம் என்று அங்குள்ள வழிகாட்டல் கூறுவதற்கும் காரணம், ஒவ்வொருவருக்கும் இத்தனை நேரம் தேவைப்படுவதுதான்.

குழு இருந்தும் வாசல் தாண்டாதவர்கள்

இங்கிலாந்தில் உடற்பயிற்சிக் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. 2004 இல் லண்டனின் புஷி பூங்காவில் 13 ஓட்டக்காரர்களுடன் ஆரம்பித்த பார்க்ரன், இன்று பல நாடுகளில் சனிக்கிழமை தோறும் நடக்கிறது. 5 கிலோமீற்றர், கட்டணம் இல்லை, நடந்தும் முடிக்கலாம். குடும்ப வைத்தியர்களின் கல்லூரி 2018 இல் இதனுடன் கைகோர்த்து, வைத்திய நிலையங்கள் தமது நோயாளிகளையும் ஊழியர்களையும் அயலிலுள்ள பார்க்ரன் நிகழ்வுக்கு ஊக்குவிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1990 களில் வில்லியம் பேர்ட் என்ற குடும்ப வைத்தியர் தனது நோயாளிகளுக்காக ஆரம்பித்த ஆரோக்கிய நடைகள் நாடெங்கும் பரவின. 2022 இல் 11 உள்ளூராட்சிப் பகுதிகளில், நடையையும் சைக்கிளோட்டத்தையும் வைத்தியர்கள் பரிந்துரைக்கும் முன்னோடித் திட்டங்களுக்காக அரசாங்கம் 12.7 மில்லியன் பவுண் ஒதுக்கியது. முஸ்லிம்கள் ஏறத்தாழ 30 வீதமாக வாழும் பிராட்ஃபோர்ட் அவற்றில் ஒன்று.

இத்தனை இருந்தும், அங்குள்ள தெற்காசியர்களின், குறிப்பாகப் பெண்களின் உடலுழைப்பு தேசிய சராசரியைவிடக் குறைவாகவே பதிவாகி வருகிறது. மறுபக்கத்தில், தெற்காசியர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு வெள்ளையர்களைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். ஐரோப்பியர்களுக்கு உடற்பருமன் சுட்டி 25 ஐத் தாண்டினால் எச்சரிக்கை என்றால், எம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு 23 இலேயே எச்சரிக்க வேண்டும் என்று அங்குள்ள மருத்துவ வழிகாட்டல் சொல்கிறது. அதிகம் தேவைப்படுபவர்களே குறைவாக வருகிறார்கள்.

இதைச் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. ஹாரூன் மோட்டா என்ற இளைஞர் ஆரம்பித்த 'முஸ்லிம் ஹைக்கர்ஸ்' குழுவின் அனுபவத்தைப் பாருங்கள். 2021 நத்தார் தினத்தன்று அக்குழுவினர் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் நடந்து சென்ற படங்கள் வெளியானபோது, இணையத்தில் இனவாதப் பின்னூட்டங்கள் குவிந்தன. மலையேறிய குற்றத்திற்காக. அதைப் பார்த்த ஒரு ஹிஜாப் அணிந்த பெண், தனியாக ஒரு பூங்காவின் நடைக்குழுவில் சேரத் தயங்குவதில் என்ன ஆச்சரியம்? அக்குழு ஓயவில்லை என்பதையும், பல ஆயிரம் முஸ்லிம்களை மலைப்பாதைகளுக்கு அழைத்து வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொரு பக்கம், பிராட்ஃபோர்டிலுள்ள ஜாமிஆ உஸ்மானியா பள்ளிவாசலில் வயதான ஆண்கள் பிலாட்டீஸ் பயிற்சி செய்யும் காணொளி சில ஆண்டுகளுக்கு முன் உலகெங்கும் பகிரப்பட்டது. நீண்ட ஜுப்பாவும் தொப்பியுமாக, வெண்தாடி அப்பாக்கள் பாயில் கிடந்து காலை உயர்த்தும் காட்சியைப் பலர் பார்த்துச் சிரித்திருப்பார்கள். நான் அதில் பார்த்தது வேறு. அதே ஆட்கள் நகரத்து ஜிம் ஒன்றின் வாசற்படியைக்கூட மிதித்திருக்கமாட்டார்கள். தெரிந்த இடம், தெரிந்த முகங்கள், தொழுகைக்கு இடைஞ்சல் இல்லாத நேரம், உடையை மாற்றத் தேவையில்லாத சூழல். தடைகள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டபோது வந்தார்கள்.

நல்ல இணைப்புப் பணியாளர் ஒருவர் இத்தகைய இடங்களைத் தெரிந்து வைத்திருப்பார். மோசமான ஒருவர், நகரசபை ஜிம்மின் இலக்கத்தைக் கொடுத்துவிட்டுக் கோவையை மூடிவிடுவார். இருவருமே புள்ளிவிபரத்தில் 'ஒருவர் இணைக்கப்பட்டார்' என்றுதான் பதிவாகும்.

தடுமாறும் இடங்கள்

இந்த முறையை அப்படியே புகழ்ந்துவிட்டுப் போவது நேர்மையாகாது.

முதலாவது, அரசு இணைப்பவருக்குச் சம்பளம் கொடுத்தது. இணைக்கப்படும் குழுக்களுக்கு அதுபோன்ற நிலையான நிதி கிடைக்கவில்லை. ஒரு மண்டபத்தின் வாடகையை ஐம்பது பெண்களிடம் சில்லறை சேர்த்துக் கட்டும் குழுவுக்கு, வைத்திய நிலையம் மேலும் இருபது பேரை அனுப்பினால் என்ன நடக்கும்? அவர்களில் சிலருக்கு இதய நோய், சிலருக்கு மனச்சோர்வு. தொண்டர்களாக நடத்தும் இரண்டு பேர் களைத்துப் போய்க் குழுவையே மூடிவிடலாம். அதன்பின் இணைப்புப் பணியாளரின் கையில் எஞ்சுவது பழைய பட்டியல் மட்டுமே.

இரண்டாவது, பயன் பற்றிய சான்று இன்னும் கலவையாகவே இருக்கிறது. 2017 இல் வெளியான ஒரு மீளாய்வு, அதுவரை நடந்த மதிப்பீடுகளில் பெரும்பாலானவை சிறியவை, பலவீனமாக வடிவமைக்கப்பட்டவை என்றது. பின்னர் நியூகாசில் நகரின் மேற்குப் பகுதியில், நீண்டகால நோயுள்ளவர்களுக்கான இணைப்புப் பணியாளர் திட்டமொன்றைப் பற்றி நடந்த ஆய்வு, நீரிழிவு நோயாளிகளின் இரத்தச் சீனி மட்டத்தில் சிறிய அளவிலான குறைவைக் காட்டியது. சிறியது என்பதை அழுத்திச் சொல்கிறேன். மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாரும் இதிலிருந்து முடிவெடுக்கக் கூடாது.

மூன்றாவது, எல்லோரையும் பயிற்சிக்கு அனுப்புவதால் பணம் விரயமாகலாம். இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டல் நிறுவனம் 2014 இலேயே இதைச் சொல்லிவிட்டது. வேறு நோயெதுவும் இல்லாமல், உடலுழைப்பு மட்டும் குறைந்தவர்களுக்குப் பயிற்சிப் பரிந்துரைத் திட்டங்களில் அரச பணத்தைச் செலவிட வேண்டாம் என்பதே அதன் நிலைப்பாடு. அவர்களுக்கு ஒரு நல்ல உரையாடலும் ஒரு வழிகாட்டலும் போதும். கூடப் போகும் கை தேவைப்படுவது, நோயோடும் தயக்கத்தோடும் வீட்டில் முடங்கியிருப்பவர்களுக்கு.

எமது ஊர்களில் என்ன இருக்கிறது, எது இல்லை?

இலங்கையில் 2011 முதல் அரச வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் நிறுவப்பட்டு வருகின்றன. நடுத்தர வயதினர் இலவசமாகச் சீனி, பிரஷர், உடற்பருமன் ஆகியவற்றைப் பரிசோதித்து ஆலோசனை பெறலாம். நல்ல திட்டம். ஆனால் அங்கு போகும் ஆண்களின் தொகை பெண்களைவிட மிகக் குறைவு என்பது ஆரம்பத்திலிருந்தே சொல்லப்படும் குறை. போனவருக்கும் கிடைப்பது பரிசோதனை முடிவும் "நடங்கள்" என்ற அதே அறிவுரையும்தான். அந்தப் படியிலிருந்து அடுத்த படிக்குக் கைபிடித்து ஏற்றுபவர் அங்கு இல்லை.

கைபிடித்து ஏற்றும் அனுபவம் இந்நாட்டுக்குப் புதியதும் அல்ல. குடும்ப நல உத்தியோகத்தரை, நாம் மிட்வைஃப் என்று அழைப்பவரை, நினைத்துப் பாருங்கள். கர்ப்பிணி கிளினிக்கிற்கு வராவிட்டால் வீடு தேடி வருவார். பெயர் தெரியும், வீடு தெரியும், மாமியாரின் சுபாவமும் தெரியும். எமது நாட்டின் தாய் சேய் நலம் இந்தப் பிராந்தியத்தில் முன்மாதிரியாகப் பேசப்படுவதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஐம்பத்தைந்து வயது நீரிழிவு நோயாளிக்கு அப்படித் தேடி வருபவர் எவரும் இல்லை.

குழுக்களும் இல்லாமல் இல்லை. காத்தான்குடி, சாய்ந்தமருது கடற்கரைகளில் சுபஹுக்குப் பின் நடப்பவர்களைப் பார்க்கலாம். கொழும்பில் காலிமுகத்திடலிலும் விஹாரமகாதேவி பூங்காவிலும் காலை நடை பழகிய விடயம். ஊருக்கு ஊர் விளையாட்டுக் கழகங்கள் உண்டு. ஆனால் கழகங்கள் இளைஞர்களுக்கு. காலை நடை, ஏற்கெனவே நடக்கப் பழகிய ஆண்களுக்கு. அறுபது வயதுப் பெண்ணுக்கும், பக்கவாதத்திலிருந்து மீண்டு வரும் நானாவுக்கும், கடையில் பத்து மணித்தியாலம் அமர்ந்திருக்கும் வியாபாரிக்கும் இவற்றில் இடம் எங்கே என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

நம்பிக்கை என்ற விடயத்தையும் மறைக்க வேண்டியதில்லை. கொவிட் காலத்தில், 2021 பெப்ரவரி வரை நீடித்த கட்டாய எரிப்பு, எமது மக்களில் பலருக்கு அரச சுகாதாரத் துறை மீது ஆழமான காயத்தை ஏற்படுத்தியது. தமது ஜனாஸாவுக்கு என்ன நடக்குமோ என்ற அச்சத்தில் வைத்தியசாலைக்குப் போகத் தயங்கியவர்கள் இருந்தார்கள். அந்தக் காயம் முழுமையாக ஆறிவிட்டது என்று சொல்ல முடியாது. எனவே வைத்தியசாலைக்கும் வீட்டுக்கும் இடையில் நிற்பவர், மக்கள் அறிந்த, நம்பும் ஒருவராக இருப்பது இங்கு இன்னும் முக்கியமாகிறது.

மஹல்லாவுக்கு இருவர்

அரசாங்கம் நாளையே ஆயிரக்கணக்கில் இணைப்புப் பணியாளர்களை நியமிக்கப் போவதில்லை. அதற்கான பணமும் இல்லை. ஆனால் ஒரு பள்ளிவாசல் நிர்வாகமும் ஒரு பெண்கள் அமைப்பும் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் விரும்பினால், சிறிய அளவில் செய்து பார்க்கக்கூடிய காரியம் இது. எனது யோசனைகள் பின்வருமாறு.

ஒன்று, மஹல்லாவுக்கு இருவர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். ஓய்வுபெற்ற ஆசிரியைகள், மிட்வைஃப்மார், தாதியர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் போக்குவரத்தும் தொலைபேசியும் உள்ளடங்கிய ஒரு கொடுப்பனவு வழங்கப்பட வேண்டும். முழுக்கத் தொண்டாகச் செய்யச் சொன்னால் மூன்று மாதத்தில் நின்றுவிடும். ஸகாத் நிதிக்கு இதில் இடமுண்டா என்பதை உலமாக்கள் தீர்மானிக்கட்டும். ஸதகாவிலிருந்தோ ஊர் தனவந்தர்களிடமிருந்தோ இந்தத் தொகையைத் திரட்டுவது கடினமல்ல.

இரண்டு, ஒரு பட்டியல். ஊரில் எங்கே, எந்த நாளில், எத்தனை மணிக்கு, யாருக்கு, யார் நடத்தும் பயிற்சி இருக்கிறது? நடைக்குழு, பாடசாலை மைதானம், பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரம், கட்டணம், மலசலகூட வசதி. ஒரே பக்கத்தில் எழுதி, மூன்று மாதத்திற்கு ஒரு முறை நேரில் சென்று சரிபார்க்க வேண்டும். எழுதத் தொடங்கினாலே பெண்களுக்கான வரிசை வெறுமையாகக் கிடப்பது தெரிய வரும். அந்த வெற்றிடத்தை நிரப்புவதுதான் அடுத்த வேலை. கல்யாணம் இல்லாத நாட்களில் பூட்டிக் கிடக்கும் மண்டபங்களும் மாலையில் ஆளில்லாத மத்ரஸா வளவுகளும் எமது ஊர்களில் தாராளமாக உண்டு. பிரித்தானியாவின் தவறை நாம் திருப்பிச் செய்யக் கூடாது. இணைப்பவரை நியமிக்க முன், இணைப்பதற்கு ஓர் இடத்தை உருவாக்க வேண்டும்.

மூன்று, வைத்தியசாலையுடன் ஒரு உடன்பாடு. நோயாளி சம்மதித்தால் மட்டும், கிளினிக் தாதி அவரது பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் இணைப்பவரிடம் கொடுக்கலாம். நெஞ்சுவலி உள்ளவர்கள், காலில் புண் உள்ளவர்கள், இன்சுலின் போடுபவர்கள் எந்தப் பயிற்சியைச் செய்யலாம் என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும். நீரிழிவு நோயாளி வெறுங்காலுடன் கடற்கரை மணலில் நடப்பது, உணராமல் காலைப் புண்ணாக்கிக்கொள்ளும் வழியாகிவிடலாம். இவற்றை அறிந்திருக்க இணைப்பவருக்கு ஒரு நாள் பயிற்சியாவது அவசியம்.

நான்கு, இரகசியம். சிறிய ஊர்களில் ஒருவரின் நோய் பெருநாள் பேச்சாகிவிடும். பெண் பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கும் வீட்டில் தாயின் நோயைக்கூட மறைக்கிறார்கள். யார் எதற்காக வருகிறார் என்பதை வெளியே சொல்லாதவராக இணைப்பவர் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் பெயர்ப்பட்டியல் போடுவது முதல் நாளிலேயே திட்டத்தைக் கொன்றுவிடும்.

ஐந்து, எண்ண வேண்டியதை எண்ணுவது. எத்தனை பேரைச் சேர்த்தோம் என்ற கணக்கு மேடையில் வாசிக்க உதவும். மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள், வராதவர் ஏன் நின்றார் என்ற கணக்குத்தான் திட்டத்தைத் திருத்த உதவும்.

எழக்கூடிய ஆட்சேபனைகளை நான் அறிவேன். பள்ளிவாசலின் வேலை இதுவா என்று சிலர் கேட்பார்கள். ஜனாஸா வாகனத்துக்கும் நிவாரணப் பொதிக்கும் பொறுப்பேற்கும் நிர்வாகங்கள்தான் இவை. பெண்கள் வெளியே பயிற்சிக்குப் போவதா என்று இன்னும் சிலர் கேட்கலாம். மறைவான இடமும் பெண் பயிற்றுவிப்பாளரும் இருந்தால் அந்தக் கேள்விக்கு அவசியமில்லை. அதே பெண் நாளை டயலிசிஸுக்காகக் கிழமைக்கு இரண்டு முறை வெளியே போக நேர்ந்தால் யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை. இது அரசின் கடமை, சமூகம் ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அரசிடம் தொடர்ந்து கேட்போம். பத்து ஊர்களில் செய்து காட்டிய பின் கேட்டால் அந்தக் கோரிக்கைக்குக் கனம் கூடும். அயலிலுள்ள தமிழ், சிங்கள மக்களும் சேர விரும்பினால் கதவைத் திறந்தே வைப்போம். சீனி வருத்தம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது.

பெரிய மாநாடும் பெயர்ப்பலகையும் இதற்குத் தேவையில்லை. வருகின்ற நிர்வாகசபைக் கூட்டத்தில் மூன்று கேள்விகளை நிகழ்ச்சி நிரலில் சேருங்கள். எமது மஹல்லாவில் கிளினிக் போகும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் பெண்கள் கூச்சமின்றிப் போகக்கூடிய ஓர் இடம் ஊரில் உண்டா? முதல் நாள் அவர்களுடன் கூடப் போக யார் தயார்? மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால், அந்தக் கிழமையே வேலையைத் தொடங்கலாம்.